'பயன்பாட்டில் இல்லை' என்று நான் போட்ட கையெழுத்து

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ராஜபாளையத்துக்கு வந்து பஞ்சாலையில் கூட்டித் தள்ளுகிற வேலை பார்த்தவன். இன்றைக்கு என் ஷெட்டில் அறுபது தறி ஓடுகிறது, அத்தனையிலும் பேண்டேஜ் துணி. எந்த ஊர் ஆஸ்பத்திரியில் யாருக்குக் கட்டுப் போட்டாலும் அது என் துணியாக இருக்கும் என்று சொல்லிக்கொள்வேன். இல்லை என்று இதுவரை ஒருத்தரும் வந்து நிரூபிக்கவில்லை. இதையும் நானேதான் எழுதுகிறேன். ஒற்று விட்டுப் போயிருந்தால் அச்சடிக்கிறவர் போட்டுக்கொள்ளட்டும், விஷயத்தில் கை வைக்க வேண்டாம்.

விஷயம் ஒரு களத்தைப் பற்றியது. நான் பிறந்த ஊர் கான்சாபுரத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது. எழுபது வீடு இருக்கும். மத்தியானம் போய் இறங்கினால் நாய்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும், அப்படி ஒரு அமைதி. ஊருக்கு மேற்கே மேட்டில், கதிரடிக்கவும் தானியம் காயப்போடவும் கல் பாவிய களம் ஒன்று கிடக்கிறது. யார் பாவியது என்று யாருக்கும் தெரியாது. கவர்மெண்டு ரெக்கார்டில் அதற்குப் பெயர் 'களம் புறம்போக்கு'. அதாவது ஊருக்கே பொது. யாரும் பட்டா கேட்க முடியாது.

அந்தக் களத்துக்கு வந்த வினை ஒரு தீவில் தொடங்கியது என்றால் சிரிப்பீர்கள்.

போன வருஷம் இளைய மகள் என்னையும் என் வீட்டுக்காரியையும் ஜெர்மனிக்கு அழைத்துக்கொண்டாள். அங்கிருந்து மருமகன் எங்களைக் கிரேக்க நாட்டுத் தீவு ஒன்றுக்குக் கூட்டிப் போனார். மற்றவர்கள் எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடலை நான் தூத்துக்குடியிலேயே பார்த்துவிட்டேன். எனக்குப் பிடித்தது மலைமேல் இருந்த ஒரு கிராமம். சுண்ணாம்பு அடித்த சின்னச் சின்ன வீடுகள், சுவர் நிழலில் ஒரு கழுதை, ஆள் சத்தமே இல்லை. சரிவு முழுக்கக் கல்லடுக்கிப் படிப்படியாக வயல் கட்டியிருந்தார்கள். எத்தனை முதுகு ஒடிந்திருக்கும் என்று பார்த்த உடனே எனக்குத் தெரிந்தது. ஆனால் ஒரு வயலிலும் பயிர் இல்லை, முள்தான் முளைத்திருந்தது. உச்சி மேட்டில் வட்டமாகக் கல் பாவிய ஓர் இடம்.

மருமகன் ஃபோனைத் தடவிவிட்டு, "அந்தக் காலத்துல இங்க டான்ஸ் ஆடியிருப்பாங்க மாமா" என்றார்.

"டான்ஸா? மாப்ள, இது களம். சுத்தி ஒரு மரம் இருக்கா பாருங்க. காத்து வாங்கணும்னுதான் இம்புட்டு ஒசரத்துல போட்டிருக்கான். தூத்துனா பதரு அந்தப் பள்ளத்துல போயி விழும்."

பக்கத்துக் கல்லில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். மருமகன் ஃபோனில் பேசி, அதையே அவர் பாஷையில் பேசவைத்துக் கேட்டார். கிழவர் எழுந்து வந்து என் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தார். நான் சொன்னதுதான் சரி. வாற்கோதுமை அடித்த களம்.

"கடைசியா எப்ப அடிச்சாவன்னு கேளுங்க."

கிழவர் தன் இடுப்பு உயரத்தைக் கையால் காட்டினார். அவர் அம்புட்டு உயரம் இருந்தபோதாம்.

"பொறவு மாவுக்கு என்ன பண்ணுதாவளாம்?"

ஃபோன் பதில் சொன்னது: "கப்பலில் வருகிறது."

அப்போது வெள்ளைக் கவுன் போட்ட கல்யாணப் பெண் ஒருத்தியும் அவள் மாப்பிள்ளையும் ஃபோட்டோக்காரனோடு களத்தில் ஏறினார்கள். அவளைக் கல்லின் நடுவில் நிறுத்திப் படம் பிடித்தார்கள். கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எங்கேயோ பார்த்தார். நானும் ஃபோனை எடுத்து அந்தப் பெண்ணைப் படம் பிடித்தேன்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்தப் படத்தை எல்லாரிடமும் காட்டினேன். பெருமை பேசுவது என் குணம். அதை நான் மறைத்ததில்லை, மறைக்கிற அளவுக்குக் குறைந்த வாழ்க்கையும் வாழவில்லை. "பாருங்கலே, அவன் ஊர்க் களத்துல கல்யாணப் பொண்ணு வந்து நிக்கா. உலகமே வந்து ஃபோட்டோ எடுக்கு" என்றேன். கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதை மட்டும் சொல்லவில்லை. பெருமை பேசும்போது அது எங்கே ஞாபகத்துக்கு வரும்?

பொங்கல் முடிந்து பத்து நாளில் என் பெரியப்பா மகன் இரண்டு பேரோடு ராஜபாளையத்துக்கு வந்தார். என்னைவிட நாலு வயது மூத்தவர், ஊர்க் கமிட்டித் தலைவர். தாம்பாளத்தில் பழம், வெற்றிலை, அதன் மேல் ஒரு தாள்.

"தம்பி, ஊருக்குக் கல்யாண மண்டபம் ஒண்ணு கட்டப்போறோம். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மடவார் வளாகத்துக் கோயிலுக்கு வேன் புடிச்சு ஓட வேண்டியிருக்கு. கோயில்ல தாலியக் கட்டிட்டு, சாப்பாட்டுக்கு மண்டபம் கெடைக்காம வெயில்ல நிக்கோம். மொதக் கையெழுத்து நீதான் போடணும். ஒம் பேரு கல்லுல வரும்."

எங்கள் பக்கம் முதல் கையெழுத்து என்றால் கோயில் முதல் மரியாதை மாதிரி. அந்த ஊரில் என் அப்பாவைக் கடைசிப் பந்தியில் உட்காரவைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேரன்மார் கையெழுத்துக்கெல்லாம் மேலே என் கையெழுத்து. யாருக்குக் கசக்கும்?

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் கண்ணாடி போட்டு, எழுத்துக்குக் கீழே விரல் வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் வாசிப்பேன். அதை வீட்டுக்காரியைத் தவிர யார் முன்னாலும் செய்ததில்லை. கையெழுத்து மட்டும் சும்மா சுழற்றிப் போடுவேன், வக்கீல் தோற்றுப்போவான். அன்றைக்கும் தாளை ஒரு பார்வை பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, சுழற்றிப் போட்டேன்.

அவர்கள் போன பிறகு வீட்டுக்காரி கேட்டாள். "என்ன எழுதியிருந்துச்சு?"

"மண்டபம் கட்டப்போறாவளாம்."

"அது அவிய வாயில சொன்னது. தாள்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு கேட்டேன்."

"ஒனக்கு அம்புட்டும் சொல்லணுமாக்கும்."

"படிக்கல. அதான?" என்று உள்ளே போய்விட்டாள்.

மாசி மாதம் ஒருநாள் அய்யனார் கோவில் பக்கம் மலை கறுத்து, பருவம் தப்பி மழை கொட்டியது. அது விட்ட மூன்றாம் நாள் ஊரிலிருந்து ஒரு பெண் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி என் ஷெட்டுக்கு வந்தாள். எங்கள் பழைய தெருக்காரி, ஐம்பது வயது இருக்கும். இரண்டு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து மக்காச்சோளம் போட்டிருக்கிறாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து என் மேஜைமேல் ஒரு கை சோளத்தைக் கொட்டினாள். கறுத்துப்போய், வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது.

"அண்ணாச்சி, நல்லாப் பாத்துக்கிடுங்க. ஒங்க கையெழுத்து மொளைச்சிருக்கு."

"என்ன தாயி சொல்லுத?"

"மண்டபம் எங்க வருதுன்னு நெனச்சிய? களத்துல. 'மேற்படி களம் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இல்லை.' அந்தத் தாள்ல அப்படித்தான் எழுதியிருக்கு. எம் மக வாசிச்சுச் சொல்லுச்சு. கீழ மொத ஆளா நீங்க. களத்தச் சுத்திக் கயிறு கட்டிப்புட்டாவ. ரோட்டுல காயப்போட்டோம். பைக்குல வந்த ஒருத்தன் சோளத்துல சறுக்கி விழுந்து கைய ஒடிச்சுக்கிட்டான். பொறவு போலீஸ் வந்து ரோட்டுல ஒரு மணி கெடக்கக் கூடாதுன்னுட்டாவ. மூட்டையில கட்டி வச்சோம். மழை. அம்புட்டுந்தான்."

"இன்னும் எம்புட்டு அறுக்கணும்?"

"எனக்கு ஒரு ஏக்கரு. எங்க பொம்பளையாளு பத்துப் பேருக்குச் சேத்துப் பதினஞ்சு இருக்கும். ரெண்டு வாரத்துல முத்திரும். காயப்போடலன்னா யாவாரி ஈரம் பாக்குற மிஷினக் குத்திப் பாத்துட்டு வேணாம்னு போயிருவான். எங்க கொண்டுபோயிக் கொட்டச் சொல்லுதிய? ஒங்க தறி மேலயா?"

நிலம் வைத்திருக்கிறவனுக்கு மொட்டை மாடி இருக்கிறது, சிமெண்டு போட்ட முற்றம் இருக்கிறது. குத்தகைக்கு உழுகிற பெண்களுக்கு அந்தக் களத்தை விட்டால் கல் கிடையாது. இது எனக்குத் தெரியாத விஷயமா?

அந்தக் காலம் பொன்னான காலம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்தக் களத்தில் என் அம்மா ஊரார் நெல்லையும் கேழ்வரகையும் தூற்றினாள். காற்று நின்றுபோனால் முறத்தைப் பிடித்தபடியே நிற்க வேண்டும், உட்கார்ந்தால் ஏச்சு விழும். மரக்காலால் அளக்கும்போது 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள், 'லாபம்' என்றுதான் தொடங்குவார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். அந்த லாபம் ஒருநாளும் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியதில்லை. எல்லாம் அளந்து முடிந்த பிறகு மண்ணோடு மிஞ்சுகிற கூட்டல்தான் எங்களுக்கு. அதைப் புடைத்துத்தான் கஞ்சி. அதனால்தான் நான் ஊரை விட்டு ஓடினேன். ஓடியதற்கு வருத்தமும் இல்லை. அந்தக் காலம் திரும்பி வந்தால் வாசலிலேயே விரட்டி அடிப்பேன். ஆனால் இன்றைக்கு அந்தக் களத்தில் காய்கிறது அந்தப் பெண்களின் சொந்த மணி. முதல் மரக்காலும் அவர்களுக்குத்தான், கடைசிக் கூட்டலும் அவர்களுக்குத்தான். ஊருக்கே பொது என்று பெயருக்குக் கிடந்த களம் இப்போதுதான் உண்மையிலேயே பொதுவாகியிருக்கிறது. இந்த நேரம் பார்த்து அதைப் 'பயன்பாட்டில் இல்லை' என்றால், யாருடைய பயன்பாடு கணக்கில்லை என்று கேட்க வேண்டாமா?

மறுநாள் காலையில் ஊருக்குப் போனேன். கமிட்டித் தலைவர் அண்ணன் டீக்கடை பெஞ்சில் இருந்தார்.

"அண்ணே, எங் கையெழுத்த அடிச்சிருங்க."

"என்னலே, வச்ச கையெழுத்த வாபஸ் வாங்குனா ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். எங்கள வச்சு இந்த ஊரு சிரிக்காத சிரிப்பா? நீங்க படிச்சுக் காட்டாம வாங்குனிய."

"நாங்க எதுக்குப் படிச்சுக் காட்டணும்? நீதான் பாத்துட்டுப் போட்ட. ஒனக்குப் படிக்கத் தெரியாதுன்னு சொல்லு, நா வேணா எல்லார்ட்டயும் சொல்லுதேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"களத்துல எவம்லே கதிரடிக்கான்? மிஷின் வயல்லயே அடிச்சுப் போட்டுருது" என்றார் அண்ணன். "நீதான பொங்கலுக்கு வந்து படம் காட்டுன? அந்தத் தீவுல களத்துல கல்யாணம் நடக்கு, உலகமே வந்து பாக்குன்னு. அந்த யோசனையே ஒன்ட்ட இருந்து வந்ததுதாம்லே!"

என் வாய்தான் அந்தக் களத்துக்குக் கயிறு கட்டியிருக்கிறது. அப்போதுதான் அந்தக் கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது ஞாபகம் வந்தது.

"நா பாதிதான் சொன்னேன் அண்ணே. அந்த ஊர்ல மாவு கப்பல்ல வருது. அதச் சொல்லாமப் போயிட்டேன்."

"சரி, இப்ப சொல்லிட்டேல்ல. போ. தாலுகா ஆபீஸ்ல இருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ. மேடம் வெள்ளிக்கிழமை களத்தப் பாக்க வாராவ. ஆட்சேபணை இருந்தா எழுத்துல குடுக்கணுமாம். எழுதிக் குடு பாப்போம்."

'எழுத்துல' என்று சொல்லும்போது அவர் மற்றவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் பார்த்துவிட்டேன்.

எழுதித் தர என் கம்பெனியில் கிளார்க் இருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல் இருக்கிறார். ஒரு ஃபோன் போட்டால் போதும். போடவில்லை. அதே டீக்கடையில் ஒரு முழுத் தாள் வாங்கினேன். அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, ஊர் பார்க்க மாட்டினேன். ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். எழுதியதை விரல் வைத்து, வாய்விட்டுக் கூட்டிப் படித்தேன். 'நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அது என் தப்பு. களம் பயன்பாட்டில் இருக்கிறது. பத்துப் பெண்கள் காயப் போடுகிறார்கள். கயிறு கட்டியதால் சோளம் முளைத்துவிட்டது. என் கையெழுத்து செல்லாது.' ஆறு வரிதான். காலை டீ முடிந்து மத்தியானச் சாப்பாடு வந்துவிட்டது.

முதலில் சிரித்தார்கள். தலைப்பில் 'ஆட்சேபணை' என்ற சொல்லில் நான் மாட்டிக்கொண்டபோது ஒருவன், "'ட்'டு வரும் பெரிசு" என்றான். கிண்டலுக்குத்தான் சொன்னான். "போட்டாச்சுலே, நீ மூடிக்கிட்டு இரு" என்றேன். மூன்றாவது வரிக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் எழுந்து போய்விட்டார். டீக்கடைக்காரர் கேட்காமலேயே இன்னொரு டீ வைத்தார். அறுபது தறி போட்டபோதுகூட நான் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஆர்.ஐ. வந்தார். இளவயதுப் பெண், டவுன் பேச்சு, கையில் ஃபைல். என் மனுவை நின்றபடியே படித்துவிட்டு, "யார் எழுதினது?" என்றார்.

"நாந்தாம்மா. மூணாம் வகுப்பு."

"புரியுற மாதிரி இருக்கு" என்றார். அதை இங்கே எழுதாமல் விட நான் என்ன சாமியாரா?

பெண்கள் பத்துப் பேரும் மழைக்கு மிஞ்சிய சோள மூட்டைகளோடு களத்து ஓரத்தில் காத்து நின்றார்கள். அண்ணன் முந்திக்கொண்டார். "எல்லாம் நாடகம் மேடம். நீங்க வாரியன்னு இன்னைக்குக் காலையிலதான் தூக்கிட்டு வந்தாளுவ. இந்தக் களத்துல தவசம் தானியம் பட்டு வருசக்கணக்காச்சு."

ஆர்.ஐ. பெண்களைப் பார்த்தார். மூட்டை புதுசு, மூட்டை கட்டிய கயிறும் புதுசு. அண்ணன் சொல்வது நம்புகிற மாதிரிதான் இருந்தது. மழைக்குப் பிறகு கல் கழுவிவிட்டதுபோல் இருந்தது, ஒரு மணி கிடையாது. "உள்ள போய்ப் பாத்துரலாம்" என்று சொல்லி, களத்தைச் சுற்றிய கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஆர்.ஐ. குனிந்தார்.

அண்ணனும் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரும் கூடவே போனார்கள். போகிற போக்கில், பேச்சை நிறுத்தாமல், மூன்று பேரும் செருப்பைக் களத்து ஓரத்தில் கழற்றிப் போட்டார்கள். கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை, கால் தானாகக் கழற்றியது. ஆர்.ஐ. செருப்போடு கல்லில் கால் வைக்கப் போனார். அண்ணன் பதறிப்போனார்.

"மேடம், மேடம்! செருப்ப இங்கனயே விட்டுட்டு ஏறுங்க."

"ஏன்? இங்க கோயில் எதுவும் இல்லையே?"

"கோயில் இல்ல மேடம். தவசம் படுற எடம், செருப்புக் கால் படக் கூடாது."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. வாய் திறந்தது, மூடவில்லை.

ஆர்.ஐ. செருப்பைக் கழற்றினார். ஓரத்தில் வரிசையாகக் கிடந்த மூன்று ஜோடியையும் பார்த்தார். "வருஷக்கணக்கா ஒண்ணும் படலைன்னு சொன்னீங்க. அப்ப யாருக்காகக் கழட்டுறீங்க?"

பெண்கள் பக்கமிருந்து என் ஷெட்டுக்கு வந்தவளின் குரல் கேட்டது. "காலு பொய் சொல்லாது மேடம். அவிய வாய விட அவிய காலு நல்ல காலு!"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கமிட்டிக்காரர்களில் ஒருவரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். ஆர்.ஐ. சிரிக்கவில்லை. போன வருஷம் என்னென்ன காயப் போட்டார்கள் என்று ஒவ்வொரு பெண்ணிடமும் தனித்தனியாகக் கேட்டார். உளுந்து, சோளம், வத்தல், கொத்தமல்லி என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார், இரண்டு பேர் கைநாட்டு வைத்தார்கள். கடைசியாக எழுதியதை எங்கள் முன்னால் சத்தமாகப் படித்தார். 'களம் தற்போதும் பயன்பாட்டில் உள்ளது.' கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்க்க யாரும் வரவில்லை, பெண்களே அறுத்து எறிந்தார்கள்.

அண்ணன் அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர்தான், இன்னும் என்னோடு பேசவில்லை. அவர் பேரன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை. மண்டபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊருக்கு வேண்டியதுதான். ரோட்டோரம் அவருடைய தோட்டம் இரண்டு ஏக்கர் பத்து வருஷமாகக் கருவேலம் முளைத்துக் கிடக்கிறது. பயன்பாட்டில் இல்லாத இடம் என்றால் அதுதான். அங்கே கட்டட்டும், மேற்கூரை நான் போட்டுத் தருகிறேன் என்று ஆள் விட்டுச் சொன்னேன். பதில் இல்லை. மன்னிப்புக் கேட்கவும் நான் போகப் போவதில்லை. தெருவில் எதிரே வந்தால் நான் ஒதுங்குவதில்லை, அவரும் ஒதுங்குவதில்லை. தோள் உரச இரண்டு பேரும் போகிறோம்.

மிச்சச் சோளம் அறுத்த வாரம் வண்டி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். களம் முழுக்க மஞ்சளாக விரித்திருந்தார்கள். நல்ல வெயில். அந்தப் பெண் காலாலேயே கோடு கிழித்துக் கிழித்துச் சோளத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் களத்தின் ஓரத்தில் இடுப்பில் கை வைத்து நின்று, யாராவது என்னைப் பற்றி ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். சொல்லாமலா போவார்கள்?

அவள் நிமிர்ந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, செத்த அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க. ஒங்க நெழலு சோளத்துல விழுது."

தள்ளி நின்றேன்.